நீல நட்டும் ஒரு பிடி சணலும்

அன்று காலை எங்கள் வாசலில் இருந்தவர்கள் ஆறு பேர். நைனா, அம்மா, அண்ணன், நான், பக்கத்து வீட்டு அத்தை, பெங்களூரிலிருந்து முதல் ரயிலில் வந்து இறங்கிய எஸ்டேட்காரர். ஒர்க்ஷாப்பில் லேத் ஓட்டும் டர்னர் மாமா இல்லை. தானும் இருந்ததாக அவர் பின்னாளில் டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்று அவர் குடியாத்தத்தில் மாமியார் வீட்டில் இருந்தார், எனக்கு நன்றாகத் தெரியும். இப்படி ஆட்களை எண்ணி வைப்பது என் சுபாவம். ஷிப்ட் முடிந்து தங்கச் சுரங்கத்திலிருந்து கேஜில், அந்த இரும்புக் கூண்டில், மேலே வருகிறவர்களைத் தூரத்திலிருந்தே எண்ணிப் பழகியவள் நான். ஒரு தலை குறைந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.

நைனா என்று நான் சொல்வது அப்பாவை. நம் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வெளியூரில் வளரும் நம் பேரப்பிள்ளைகள் யாராவது படித்தால் என்று சொல்லிவைக்கிறேன்.

ஸ்கெலட்டன் லைனில், சுரங்கக் கம்பெனியின் வரிசை வீடுகளில், என்னோடு வளர்ந்தவர்களுக்கு அந்தக் காரை மறந்திருக்காது. வெண்ணெய் நிறத்தில் ஒரு பழைய அம்பாசடர். ஒரு மாதம் முழுக்க எங்கள் வாசலுக்கும் பொதுக் குழாய்க்கும் நடுவில் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. தண்ணீருக்கு வந்தவர்கள் குடத்தை அதன் பம்பரில் வைத்துவிட்டுக் கதை பேசினார்கள். காற்று அடித்தால், தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி வந்து படியும். நான் பழைய பாவாடைத் துணியால் துடைப்பேன். துடைத்துத் துடைத்து அதன் இடுப்பு வளைவெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அதன் சொந்த எஞ்சினை எடுத்துவிட்டு, மெட்ராஸில் ஏலத்துக்கு வந்த ஒரு ஜப்பான் காரின் எஞ்சினை அதில் உட்கார வைத்திருந்தான் அண்ணன். மூன்று மரக்கட்டைகளை முக்காலிபோல நிறுத்தி, செயின் பிளாக் சங்கிலியில் எஞ்சினைத் தொங்கவிட்டு, அங்குலம் அங்குலமாக இறக்கினான். கட்டைகள் சரிந்துவிடும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். “எம்மா, இத்த உள்ள கூட்டினு போ. எஞ்சினவிட இது அதிகமா சத்தம் போடுது” என்றான்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. யாரும் நிறுத்தவில்லை, நானேதான். பூமிக்குக் கீழே பாறை வெடித்து லைன் வீடுகள் அதிரும்போதெல்லாம் நான் பையை விட்டுவிட்டு சுரங்க வாயான ஷாப்டைப் பார்த்து ஓடிவிடுவேன். ஒரு வருடத்தில் எத்தனை தடவை ஓட முடியும்? டீச்சருக்கு அலுத்துவிட்டது. எனக்கும் வெட்கமாகிவிட்டது. வீட்டோடு இருந்துவிட்டேன். அதனால்தான் அந்த ஒரு மாதம் எனக்குக் கிடைத்தது என்றும் சொல்லலாம்.

கார் எதற்கு என்று சொல்ல வேண்டும்.

நைனா பூமிக்கு அடியில் காற்றுக் குழாய் ஃபிட்டர். மேலே கம்ப்ரஸரில் அழுத்தி அனுப்பும் காற்று பல ஆயிரம் அடி இறங்கிப் போய்த் துளை போடும் மெஷின்களை ஓட்ட வேண்டும். வழியில் எந்த மூட்டும் கசியக் கூடாது. அதற்குத்தான் அவர். கசிவு என்று அவர் சொல்ல மாட்டார். “அழுவுது” என்பார். “ஆறாவது மூட்டு அழுவுது”, “நேத்து போட்டது இன்னிக்கு அழுவுது.” அந்த வருடம் அவருடைய நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி கீழே இறங்க லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்படி எழுதினால் அந்த இடத்துக்கு மகன் போகலாம். மாதக் கடைசிக்குள் அண்ணன் கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு, லைன் வீடும் நிலைக்கும். போடாவிட்டால் இரண்டும் போகும்.

அண்ணன் ஒரே ஒரு தடவை நைனாவோடு கீழே போயிருந்தான். மேலே வந்ததும் ஷாப்ட் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். “வெயிலு” என்றான். சட்டையைத் துவைத்தவள் நான். அது வெயில் இல்லை, பயம்.

அவனுக்கு எஞ்சின் பிடிக்கும். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கராஜில் கையாளாக இருந்தான். ஒரு நாள் பங்காரப்பேட்டைச் சாலையில் நின்றுபோன ஒரு காரைப் பத்து நிமிடத்தில் ஓட வைத்தான். அதன் சொந்தக்காரர்தான் எஸ்டேட்காரர். எங்கோ மலைமேல் காபித் தோட்டமாம், பெங்களூரில் சொந்தக் கராஜாம், பந்தயத்துக்குக் கார்களைத் தயார் செய்கிறாராம். அவர் இந்த அம்பாசடரையும் ஜப்பான் எஞ்சினையும் கொண்டு வந்து கொடுத்து, “இதை எழுப்பிக் காட்டு. நிக்காம பெங்களூர் போய்ச் சேந்தா திங்கக்கிழமையே வேலை. அவுட்ஹவுஸ் சும்மா கிடக்கு, வீட்டு ஜனங்களையும் கூட்டிட்டு வந்துடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, கார் ஓடினால் அண்ணன் கேஜில் ஏற வேண்டாம். அவ்வளவுதான் விஷயம். எங்கள் வீட்டில் அந்த மாதம் வேறு விஷயம் இல்லை.

எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. கியர் சேர்ந்துவிட்டது. இழுத்தடித்தது பெட்ரோல் போகும் வழிதான்.

எஸ்டேட்காரர் வெளிநாட்டிலிருந்து தருவித்த ஒரு பெட்டியைக் கொடுத்திருந்தார். மூடியைத் திறந்தால் கறுப்பு ஸ்பாஞ்சில் குழி வெட்டி, அதில் நட்டுகளும் வளைவுகளும் பதித்திருக்கும். சில நீலம், சில சிவப்பு. பந்தயக் காருக்கான பெட்ரோல் குழாய் மூட்டுகள். அந்த நீலம் மாதிரி நீலத்தை நான் அதற்குமுன் கண்ணாடி வளையலில்கூடப் பார்த்ததில்லை. கையில் எடுத்தால் கனமே இல்லை. குழாய்க்குமேல் மெல்லிய எஃகுக் கம்பியைப் பாய் மாதிரி பின்னியிருந்தார்கள். அதை வெட்டும்போது பின்னல் பிரிந்து கம்பி நுனிகள் விரலில் ஏறும். டேப்பை இறுக்கிச் சுற்றி, அதன் மேலேயே ரம்பம் போட்டு அறுத்தான் அண்ணன். அப்படியும் அவன் விரலிலிருந்து ஊக்கினால் நான் கம்பி எடுத்துக் கொடுத்த மாலைகள் பல.

பெட்டியில் ஒரு நீல நட்டின் விளிம்பு கீறியிருந்தது. “இது ஆவாது. நீ வச்சிக்கோ” என்று எனக்குக் கொடுத்தான். பாவாடை நாடாவில் முடிந்துகொண்டேன்.

எஞ்சினில் இருந்த மரை, அதாவது திருகு வரி, மில்லிமீட்டர் கணக்கு. பெட்டியில் இருந்த மரை அங்குலக் கணக்கு. ஒன்றில் ஒன்றைத் திருகினால் இரண்டு சுற்று ஆசை காட்டிவிட்டு மூன்றாவதில் இறுகிக்கொள்ளும். மேலே திருகினால் இரண்டுமே நாசம். அதனால் ஒரு பக்கம் எஞ்சினுக்கும் மறுபக்கம் நீல நட்டுக்கும் பொருந்தும்படி நடுவில் பித்தளைத் துண்டு ஒன்று வேண்டும். டர்னர் மாமா ஒர்க்ஷாப்பில் சாப்பாட்டு நேரத்தில் லேத்தில் கடைந்து கொடுத்தார். மரை சுலபமாக வந்துவிட்டது. மூக்குதான் வரவில்லை. நட்டுக்குள்ளே கூம்பு வடிவத்தில் ஒரு குழி இருக்கும். பித்தளையின் மூக்கும் அதே சரிவில் இருந்து, இரண்டும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். மாமா முதலில் நம்மூர் பிரேக் குழாய்ச் சரிவில் கடைந்துவிட்டார்.

அது எப்படித் தெரிந்தது என்றால், என் கண்மையால். அண்ணன் என் மைச்சிமிழை எடுத்துப் பித்தளை மூக்கில் மெலிதாகப் பூசி, நீல நட்டுக்குள் வைத்து ஒரு அழுத்து அழுத்தி எடுப்பான். உட்காரும் இடத்தில் மை ஒட்டும். முதல் துண்டில் ஓரத்தில் மட்டும் ஒரு மயிரிழை. இரண்டாவதில் அரை நிலா. மூன்றாவது துண்டில் வளையம் முழுசாக வந்தது. சுற்றிலும் ஒரே அகலம். அண்ணன் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். எனக்குக் காட்டினான். மையும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனை இன்றும் சில சமயம் காரணமில்லாமல் வரும். வந்தால் நான் எங்கே இருந்தாலும் அப்படியே உட்கார்ந்துவிடுவேன்.

நைனாவுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. மாலையில் நாற்காலியைப் போட்டுக் குழாயடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் தேடி எடுத்துக்கொண்டு, மகன் செய்வதைப் பார்ப்பார். வேலைக் காலத்தில் இடுப்பில் சொருகும் சணல் பிடி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். மரையில் சணல் இழையைச் சுற்றி, வெள்ளை ஈயப் பசையைத் தடவித்தான் அவர் எந்த மூட்டையும் மூடுவார். எங்கள் வரிசைப் பொதுக் குழாய் எப்போது சொட்டினாலும் யாரும் கம்பெனி ஆளுக்குச் சொல்லி அனுப்பியதில்லை. நைனா எழுந்து ஒரு இழை சுற்றுவார், நின்றுவிடும்.

“இன்னாடா, நூல் சுத்தலியா?” என்றார் அண்ணனிடம்.

“இதுக்குக் கூடாது நைனா. கூம்பும் கூம்பும் ஒக்காந்தாப் போதும். நடுவுல ஒண்ணும் வரக்கூடாது. சுத்துனா பிசிறு பெட்ரோலோட உள்ள பூடும்.”

“ஒண்ணும் வைக்காம எப்பிட்றா ஒரு ஜாயின்ட்டு நிக்கும்? என் லைன்ல இப்பிடி வுட்டா காத்து மூணாவது லெவலுக்கே போய்ச் சேராது.”

பக்கத்து வீட்டு அத்தை குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: “இன்னாண்ணா புரியல? புருசன் பொண்டாட்டி மாதிரின்னு சொல்றான் புள்ள. நடுவுல மாமியா வந்தாத்தான் லீக்கு.”

அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “எங்க மாமியா போய்ச் சேந்து எட்டு வருசம் ஆச்சு. இன்னும் எங்களுது லீக்காத்தான் கீது” என்றாள். நைனா சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கச் சற்று நேரம் ஆனது.

சனிக்கிழமை மத்தியானம் எல்லா மூட்டுகளையும் மூடினான். சைக்கிள் பம்பால் குழாய்க்குள் காற்றை ஏற்றி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தான். இது நைனா வழிதான், அவரிடம் கற்றதுதான். எங்கேயும் ஒரு குமிழிகூட எழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பெட்ரோல் வாங்க ராபர்ட்சன்பேட்டைக்கு சைக்கிளில் போய்விட்டான். “ஒண்ணும் தொடாதே” என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான்.

நான் தொடவில்லை. பார்த்தேன். கார்புரேட்டர் பக்கத்து நீல நட்டின் கீழ் விளிம்பில் ஒரு சொட்டு ஈரம் இருந்தது. துடைக்கவில்லை, தொடக் கூடாது என்றானே. காய்கிறதா என்று காத்திருந்தேன். காயவில்லை. எனக்கு நெருப்புத்தான் கண்ணில் நின்றது. நாளைக்கு அவன் ஓட்டிக்கொண்டு போகும்போது... ஓடிப்போய் நைனாவை எழுப்பினேன்.

“நைனா, ஜாயின்ட்ல ஈரம் கீது.”

அவர் வந்து பார்த்தார். விரலால் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. ஒருவித நிம்மதி வந்தது. தனக்கும் செய்ய ஒரு வேலை இருக்கிறது என்பது மாதிரி. உள்ளே போய் ஆணியிலிருந்து சணலை எடுத்து வந்தார். நட்டைக் கழற்றினார். இழையைப் பிரித்து, உதட்டில் ஈரப்படுத்தி, பித்தளை மரையில் சுற்றினார். அவர் இடதுகைக்காரர். சுற்றியபின் நுனியை இடது கட்டைவிரலால் உள்ளே மடக்கி ஒரு அழுத்து அழுத்துவார். டப்பாவின் அடியில் மிச்சமிருந்த வெள்ளைப் பசையை வழித்துப் பூசினார். பித்தளைத் துண்டின் இரண்டு பக்கத்து மூட்டுக்கும் அப்படியே. ஸ்பேனரை இறுக்கும்போது மூச்சு வாங்கி நடுவில் இரண்டு முறை நின்றார். வெளியே தெரிந்த பசையைத் துணியால் சுத்தமாகத் துடைத்தார்.

“போவட்டும் பாப்பா அவன். கீழ வோணாம். இது அழாம போய்ச் சேரட்டும்” என்றார்.

யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு அது மறைக்க வேண்டிய காரியமாகவே படவில்லை. சட்டையில் பொத்தான் தைப்பதுபோலச் செய்துவிட்டு, நாற்காலிக்குப் போய்விட்டார்.

அண்ணன் பெட்ரோல் டின்னோடு திரும்பி வந்ததும் முதல் வேலையாக எஞ்சினைத் தட்டினான். உடனே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு வரிசையே வாசலுக்கு வந்துவிட்டது. நான் மெதுவாக அவன் பக்கத்தில் போய், “அங்க ஈரமா இருந்துச்சே அண்ணா?” என்றேன். “எது? அது சோப்புத் தண்ணி, லூசு. நட்டுக்கு அடியில நின்னுரும். தானா காயும்” என்றான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். பத்து நிமிட வேலை. கழற்றி, சணலை எடுத்துவிட்டு, மறுபடி மூடியிருப்பான். ஊரில் எந்தக் கட்டை சரிந்தாலும் முதலில் கத்துகிறவள் நான். திரும்பிப் பார்த்தேன். நைனா நாற்காலியை விட்டு எழுந்து வந்து பம்பரில் உட்கார்ந்திருந்தார். அண்ணனும் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் முகம் பார்த்து நாலு வார்த்தை பேசியதில்லை. அம்மா ஒரு கிளாஸ் டீதான் கொண்டுவந்தாள். நைனா பாதி குடித்துவிட்டு அவனிடம் கொடுத்தார். “சத்தம் நல்லாக் கீதுடா” என்றார். அண்ணன் காதெல்லாம் சிவந்து சிரித்தான்.

நான் சொல்லவில்லை.

ஞாயிறு காலை எஸ்டேட்காரர் வந்தார். அத்தை நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். “நம்ம வூட்ல அதெல்லாம் இல்லக்கா” என்றாள் அம்மா. நாங்கள் புத்தரைக் கும்பிடுகிறவர்கள். திருஷ்டி கழிப்பதெல்லாம் தாத்தா காலத்திலேயே விட்டாகிவிட்டது. “ஒங்களுக்கு இல்ல, வுடு. காரு இன்னா ஒங்க மதமா?” என்று சொல்லிக்கொண்டே நாலு சக்கரத்துக்கும் வைத்துவிட்டாள். அம்மா கண்ணை மூடி வாய்க்குள் பஞ்சசீலம் சொன்னாள். பழம் நசுங்கியது. எஸ்டேட்காரர், “சரி, ரெண்டு பக்கமும் பாதுகாப்பு ஆய்த்து” என்றார்.

அண்ணன் ஓட்டினான். எஸ்டேட்காரர் அவன் பக்கத்தில். பின்னால் நைனா ஜன்னலோரம், அவுட்ஹவுஸைப் பார்த்துவிட்டு வர வேண்டுமாம். அவர் பக்கத்தில் நான். என்னை விட்டுவிட்டுப் போனால் நான் சாயங்காலம்வரை செத்துச் செத்துப் பிழைப்பேன் என்று அம்மாதான் ஏற்றிவிட்டாள். ரயில்வே கேட்டைத் தாண்டி பங்காரப்பேட்டை வரை கார் பறந்தது. எஸ்டேட்காரர் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைக் கேட்டார். “சென்னாகிதெ, சென்னாகிதெ” என்று தொடையில் தட்டினார். நன்றாக இருக்கிறதாம்.

டேக்கல் பக்கம் பாறைக் குன்றுகள் தெரிய ஆரம்பித்தபோது எனக்குப் பெட்ரோல் வாசனை வந்தது. அந்த மாதம் முழுக்க நாற்பது தடவை “வாசன வருது” என்று சொன்னவள், அப்போது வாயைத் திறக்கவில்லை. சொன்னால் நிறுத்துவார்கள். நிறுத்தினால் திறப்பார்கள். நாடாவிலிருந்த நட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஏற்றத்தில் எஞ்சின் இரண்டு முறை விக்கியது. மூன்றாவதில் நின்றுவிட்டது.

நைனா, “சூடாயிருக்கும், தண்ணி கொண்டாரேன்” என்று டின்னை எடுத்துக்கொண்டு சாலையோரக் கிணற்றுக்கு நடந்தார். மெதுவாகத்தான் நடக்க முடியும் அவரால். அண்ணன் மூடியைத் தூக்கினான். கார்புரேட்டர் மூட்டு நனைந்திருந்தது. கீழே சூடான புகைக்குழாய். கையை வைத்த உடனே அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நட்டைக் கழற்றினான். மஞ்சள் பிசிறு. கார்புரேட்டரின் மூடியைத் திறந்தால் உள்ளே பெட்ரோல் நுழையும் ஊசித் துவாரத்திலும் பிசிறு. பித்தளை மரையைச் சுற்றிச் சணல், இடது பக்கமாகச் சுற்றி, நுனியைக் கட்டைவிரலால் மடக்கி.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்னப்பா இது? சணலா? இதுக்குள்ளயா?” எஸ்டேட்காரரின் குரல் மாறிவிட்டது. “யாரு சுத்தினது?”

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கிணற்றுப் பக்கம் பார்த்தான். நைனா டின்னோடு திரும்பிப் பத்தடி தூரத்தில் நின்று, குனிந்து இருமிக்கொண்டிருந்தார்.

“நான்தான் சார்” என்றான். “பழக்க தோசம்.”

எஸ்டேட்காரர் கெட்டவர் இல்லை. இதை எத்தனையோ வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினார். முழங்கைவரை தோல் உருகிச் சுருங்கியிருந்தது. “இதே மாதிரி லீக்குலதான் கார் பத்திக்கிச்சு. என் சிநேகிதன் உள்ளயே போய்ட்டான். நான் இவ்வளவோட தப்பிச்சேன். உன் கை தங்கம், ஒத்துக்கறேன். ஆனா தெரிஞ்சும் பழக்கம்னு சொல்லிச் செய்யறவனை என் கராஜ்ல வச்சுக்க முடியாது.”

நைனா டின்னைக் கீழே வைத்தார். “வெளிநாட்டுச் சாமான் நம்ம மண்ணுக்கு ஒத்துக்காது” என்றார், பொதுவாக.

அண்ணன் சணலை முழுக்க எடுத்தான். ஊதினான், துடைத்தான், மூட்டுகளை ஒன்றும் வைக்காமல் மூடினான். எஞ்சின் ஒரே தட்டில் பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. எஸ்டேட்காரர் தானே ஓட்டிக்கொண்டு பெங்களூர் போனார். எங்களை ஏற்றிக்கொள்வதாகத்தான் சொன்னார், அண்ணன் வேண்டாம் என்றுவிட்டான். கார் குன்றுகளுக்குள் நுழைந்து மறைந்த பிறகும் சத்தம் பாறையில் பட்டுப் பட்டு வந்தது. சத்தம் தீரும்வரை நாங்கள் மூவரும் அங்கேயே நின்றோம்.

டேக்கலில் ரயில் ஏறினோம். மூச்சுக்காக நைனா எப்போதும் ஜன்னலோரம்தான் உட்காருவார், யாருக்கும் விடமாட்டார். அன்று அண்ணனை அங்கே உட்காரச் சொல்லிவிட்டு நடுவில் உட்கார்ந்தார். எங்கள் ஸ்டேஷன் மாரிகுப்பம் வரும்வரை அப்படியே வந்தார்.

மறுநாள் காலை அம்மா அடுப்பைப் பற்றவைத்தது சணலால். “உங்க நைனாதான் குடுத்தாரு, இனிமே இன்னாத்துக்குன்னு” என்றாள். வேலை போன மனுஷன், சரிதானே என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரமே அண்ணன் கையெழுத்துப் போட்டான். முதல் நாள் கேஜ் இறங்கும்போது நான் வேலிக்கு வெளியே நின்று எண்ணினேன். சுரங்கத்தை மூடும்வரை அவன் இறங்கி ஏறினான். அப்புறம் பெங்களூருக்கு ரயிலில் போய்வரும் கூட்டத்தில் ஒருவனாகி, ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் கார் நிறுத்துமிடத்துக் காவல்காரன் ஆனான். தரைக்குக் கீழே இரண்டு தளம். “மறுபடியும் அண்டர்கிரவுண்டுதான், லெவல் ரெண்டு” என்று சிரிப்பான். அங்கே வரும் ஒவ்வொரு காரையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவானாம். சொல்லி என்ன?

என் நீல நட்டு, நான் சமைந்த வருடம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது காணாமல் போனது. வாளியில் விழுந்திருக்கும். இப்போதும் சில நாள்களில் பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடுகிறேன். இந்த வயதில்.

நான் சொல்ல வந்தது குழாயைப் பற்றி.

அந்தப் பயணத்துக்குப் பிறகு எங்கள் வரிசைக் குழாயின் முழங்கை மூட்டு சொட்ட ஆரம்பித்தது. அத்தை வந்து, “அண்ணா, ஒரு நூலு சுத்துங்க” என்றாள். “கம்பெனி ஆளு வருவான்” என்றார் நைனா. கம்பெனி ஆள் வரவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம். வாசலுக்கு நேரே சொட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், கையை மடியில் வைத்துக்கொண்டு. “பென்சன் வந்ததும் பெரிய மனுசன் ஆயிட்டாரு” என்றார்கள். அம்மாகூட, “கை அழுவியா போச்சு?” என்று ஒருநாள் கத்திவிட்டாள். யாரோ சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டினார்கள். ஆறு வருடம் கழித்து நைனா போகும்வரை எந்த மூட்டையும் அவர் தொடவில்லை. சோம்பல் என்றுதான் நானும் நினைத்தேன். இத்தனை சந்தேகப்படுகிறவளுக்கு அதில் மட்டும் சந்தேகம் வரவில்லை.

குழாய் இன்றும் அதேதான். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது. டியூப்மேல் டியூபாக மூட்டு தடித்துக் கிடக்கிறது. போன ஞாயிறு அண்ணன் வந்தபோது பையிலிருந்து, குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப் உருளை ஒன்றை எடுத்தான். “தண்ணி நாளாச்சே, இத்த ஒரு வழி பண்ணிட்டுப் போறேன்” என்று குழாயடியில் குந்தி, டியூபைப் பிரிக்க ஆரம்பித்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது அவனுக்கு.

“வோணாம்ணா” என்றேன்.

“இன்னாத்துக்கு?”

“அன்னிக்கு ஜாயின்ட்ல ஈரம் கீதுன்னு நைனாவ எழுப்புனது நான்தான்.”

அவன் நிமிரவில்லை. “அது சோப்புத் தண்ணி.”

“தெரியும். நீ வந்து சொன்னியே.”

“அப்பவே சொல்றதுக்கு இன்னா?”

“ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்ல டீ குடிச்சினு இருந்தீங்க.”

அண்ணன் கையிலிருந்த டியூப் துண்டை உருட்டிக்கொண்டே இருந்தான். “நைனா கேட்டுட்டாரு, தெரியுமா? நான்தான் சுத்துனன்னு சார்கிட்ட நான் சொன்னத” என்றான்.

“எப்பிடித் தெரியும்?”

“ரயில்ல எனக்கு ஜன்னல வுட்டாரே.”

நைனா கடைசிவரை தொடாமல் விட்ட அந்தக் குழாயைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். நைனா நாற்காலி போட்டிருந்த இடத்தைப் பார்த்தான். பிறகு பிரித்த டியூபை மறுபடியும் அதே இடத்தில் சுற்றி முடிச்சுப் போட்டான். மூட்டில் வழிந்த தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, “வண்டிக்கு நேரமாச்சு” என்று எழுந்தான்.

டேப் உருளை பிரிக்காமல் என் அலமாரியில் இருக்கிறது. தண்ணீர் வரும் நாளில் எல்லாரும் குடத்தைக் குழாய் வாயில் வைக்கிறார்கள். நான் என் குடத்தை அந்த மூட்டுக்கு அடியில் வைக்கிறேன். சொட்டுச் சொட்டாக நிறைவதற்குள் மத்தியானம் ஆகிவிடும்.